கோபப்பட்டவளுக்குப் போட்ட ஊசி

தொண்ணூறுகளில் டெல்லி அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் மனநல மருத்துவராக இருந்தேன். தமிழ் பேசுகிற டாக்டர் என்று லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் என்னைத் தேடி வருவார்கள். அப்படி வந்தவர்தான் அந்தப் பள்ளி ஆசிரியை.

முதல் தடவை கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். பல நாளாகத் தூக்கமில்லை. பேச்சு நிற்கவில்லை. சாணக்யபுரியில் ஒரு தூதரக வாசலில் நின்று, தான்தான் புதிய தூதர் என்று காவலர்களை விரட்டியிருக்கிறார். மேனியா என்கிற மிகையெழுச்சி நோய்தான், சந்தேகமே இல்லை. வார்டில் சேர்த்து லித்தியம் மாத்திரை கொடுத்தேன். மெல்லத் தெளிந்தார்.

"நான் என்னெல்லாம் பண்ணேன் டாக்டர்?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் போன சில வாரங்களில் கணவர் மறுபடி அழைத்து வந்தார்.

"திரும்ப ஆரம்பிச்சுட்டா டாக்டர். ஒரே கத்தல்."

ஆசிரியையைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன்.

"நான் வார்டுல இருந்தப்போ என் பொண்ணைத் திருச்சிக்கு, அவர் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டார். உங்கம்மாவுக்குப் பைத்தியம்னு சொல்லி அனுப்பியிருக்கார். போன்ல என்கிட்ட பேசமாட்டேங்கறா. நான் கத்தக்கூடாதா?"

குரல் நடுங்கினாலும் பேச்சு தடம் மாறவில்லை. நன்றாகத் தூங்கியிருந்தார். ரத்தத்தில் லித்தியம் சரியான அளவில் இருந்தது.

"இது மேனியா இல்லை சார், கோபம். பொண்ணைக் கூட்டிட்டு வாங்க," என்றேன் கணவரிடம்.

அவர் சிரித்தார். "நீங்க ஒரு நாள் எங்க வீட்டுல வந்து இருந்து பாருங்க டாக்டர் சாப்."

அடுத்து வந்தபோது ஆசிரியையை எனக்கு அடையாளமே தெரியவில்லை. யாரோ ஒரு தனியார் டாக்டர், வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் ஊசியைப் போட்டிருந்தார். முகத்தில் அசைவில்லை. கடைவாயில் எச்சில். விரல்கள் தாமாக ஆடின.

"இப்ப அச்சா ஆயிட்டா," என்றார் கணவர். "ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசறதில்லை. லீவுக்கு சர்டிபிகேட் மட்டும் நீங்க தரணும்."

"பொண்ணு வந்தாச்சா?" என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

நாக்கு தடித்திருந்தது. அவர் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கணவர் முந்திக்கொண்டார். "அதையெல்லாம் இப்ப கேக்கறதே இல்லை."

ஊசியை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அதன்பின் அவர்கள் வரவில்லை.

பிறகொரு நாள், அதே குடியிருப்பிலிருந்து வந்த ஓர் அம்மாள் சொன்னார்: "டீச்சர் வேலையை விட்டாச்சு. பொண்ணு லீவுக்கு வந்திருந்தா. அம்மா பக்கத்துல வந்தாலே ஓடிடறா. அவங்க ஒண்ணும் சொல்றதில்லை டாக்டர், அவ்வளவு சாது."