காதில் ஒரு வெட்டு கூடுதல்

எதிர்வீட்டுக்காரர் போன வாரம் நாய்க்குட்டி வாங்கினார். குட்டியைவிட அதன் சான்றிதழைத்தான் எல்லோருக்கும் காட்டினார். அப்பன், ஆத்தாள், பாட்டன், பூட்டன் வரை பெயர் இருந்தது. "பாருங்க சார், எவ்ளோ பெரிய குடும்பம்!" என்றார். சிரித்து வைத்தேன்.

வாலிப வயதில் எனக்கும் இதே உத்தியோகம்தான், வம்சப் பதிவேடு எழுதுவது. என் தாத்தாவைப் பெற்றவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அரியாங்குப்பம் பக்கம் ஓர் அரசுப் பண்ணையில் இருந்த வெள்ளைப் பன்றிகளின் ஏழு தலைமுறையையும் ஒப்பிப்பேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய பதிவேடுகள் பிரெஞ்சில் இருந்தன. திறந்தால் தவிடும் பினாயிலும் கலந்த வாசனை. மார்செல் என்ற ஆண்பன்றியின் பெயரை யாரோ அத்தனை அழகாக எழுதியிருந்தார். என் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயர் அப்படி அமையவில்லை.

குட்டி பிறந்ததும் காது ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுப் போடுவோம். எந்த இடத்தில் எத்தனை வெட்டு என்பதுதான் அதன் எண். எண்ணைப் பதிவேட்டில் தேடினால் தாய் தகப்பன் தெரிந்துவிடும்.

முத்தியால்பேட்டை அமலோற்பவம் அக்கா வளர்த்துக் குட்டி எடுக்க ஒரு ஜோடி வாங்க வந்தார். அவர் வேலை பார்த்த மில் மூடிவிட்டது, புருஷனும் படுக்கையில். கழுத்தில் சங்கிலி போய் மஞ்சள் கயிறு ஏறியிருந்தது.

"தம்பி, ரெண்டும் ஒரே வயித்துக் குட்டியா இருந்துடப் போவுது. நல்லா பாத்துச் சொல்லு."

எனக்கோ மேட்னி ஷோவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆண்பன்றியின் காதை எட்ட நின்றே எண்ணினேன். பதிவேட்டில் தாய் தகப்பன் கட்டத்தை மட்டும் பார்த்தேன். "வேற வேற தாய்க்கா. புக்கே சொல்லுது" என்றேன். ஓடிப்போய்ப் பார்த்த படமும் மகா அறுவை.

ஒரு வருஷம் கழித்து அக்கா ஒயர் கூடையோடு வந்தார். உள்ளே துணியில் சுற்றிய செத்த குட்டி. ஈன்ற ஒன்பதில் ஆறு போய்விட்டன. சிலவற்றுக்குக் கழிவு போகும் வழியே இல்லையாம். கூடப் பிறந்ததோடு சேர்த்தால் இப்படி ஆகும் என்பது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும்.

"புக்க இன்னொரு தரம் பாரு தம்பி."

பார்த்தேன். நான் சொன்ன எண்ணுக்கு நேரே, கடைசிக் கட்டத்தில், 'பத்தாம் நாள் இறப்பு' என்றிருந்தது. என் கையெழுத்துதான். என்றோ செத்த குட்டியின் எண்ணை அக்காவின் ஆண்பன்றிக்குச் சொல்லியிருக்கிறேன்; அதன் காதில் நான் எண்ணியதில் ஒரு வெட்டு வெட்டே அல்ல, வேறு பன்றி கடித்த தடம். அதைக் கழித்தால் இரண்டும் ஒரே ஈற்றுக் குட்டிகள்.

பக்கத்து அறையில் அதிகாரி இருந்தார். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. "புக்குல சரியாத்தாங்க்கா இருக்கு" என்றேன். பாவி, அப்படித்தான் சொன்னேன்.

அக்கா சண்டை போடவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "அப்ப எங்கைதான் ராசியில்ல. மில்லும் போச்சி, இதுவும் போச்சி."

பிறகு எனக்கு வேறு இலாகாவில் வேலை நிரந்தரமானது. பண்ணை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. பதிவேடுகளைக் கரையான் தின்றது. நாய்க்குட்டியைப் பார்த்த மறுநாள்தான், இத்தனை வருஷம் கழித்து, முத்தியால்பேட்டைக்குப் போனேன். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்காவின் மகள்தான் இருந்தார்.

"அம்மா போன வருசந்தான் தவறிட்டாங்க சார். கடைசி வரைக்கும் எம் புள்ளைங்கள ஒரு வாட்டிகூடத் தூக்கல. 'எங்கைக்கு ராசியில்ல, வாணாம்'னு தள்ளியே உக்காந்திருப்பாங்க. நீங்க யாரு சார்?"

அம்மாவுக்குத் தெரிந்தவன் என்றேன். காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.