அஸ்வரின் பெயரைத் தொடாத மஸாஹிர்

வவுனியா ஹொறவப்பொத்தான வீதியில் 2005ஆம் ஆண்டளவில் மஸாஹிர் ஸ்டூடியோவைத் தெரியாத ஆளில்லை. முல்லைத்தீவிலிருந்து உடுத்த சாரத்தோடு வந்த மனிதர் மஸாஹிர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. சைக்கிள் கரியரில் துணி கட்டி விற்றார். பிறகு ஒரு பழைய கமரா, பிறகு கடை, பிறகு கொம்பியூட்டர். படித்தவர்கள் பலர் கந்தோர்க் கதிரையிலேயே தேய்ந்துபோன காலத்தில் இவர் தன் பெயரைப் பலகையில் ஏற்றினார். அப்படிப்பட்ட ஆள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தால் அதில் என்ன பிழை?

பலகையில்தான் வில்லங்கமும் வந்தது. கடையில் பங்காளி அவருடைய மனைவி கைருன்னிஸாவின் தம்பி அஸ்வர். பலகையில் தன் பெயர் இல்லை என்று கோபித்துக்கொண்டு பிரிந்து போய், பஸ் நிலையத்துப் பக்கம் போன் திருத்தும் கடை போட்டான். இரண்டு பெருநாள் கழிந்தும் மச்சான்மாருக்கிடையில் ஸலாம் இல்லை.

மகள் றிம்ஸியாவுக்கு நிக்காஹ் பேசி முடிந்தது. ஊர்க் கலியாணங்களுக்கெல்லாம் கார்ட் அடித்துக் கொடுத்த மனிதர் சொந்த மகளின் கார்ட்டை அடுத்தவன் கடையில் அடிப்பாரா? புதிதாக ஒரு கலர் பிரிண்டர் வாங்கினார். அதைக் கொம்பியூட்டரோடு பூட்டிக் கொடுக்கக் கனகலிங்கம் வந்தான். கொம்பியூட்டர் திருத்துவதில் கெட்டிக்காரன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

சீடியைப் போட்டதும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. கனகலிங்கம் வாசித்துவிட்டுச் சிரித்தான்.

“நானா, இந்தக் கொம்பியூட்டருக்கு நீங்கள் முதலாளி இல்லையாம்.”

“என்னடா விசர்க்கதை கதைக்கிறாய்? வாங்கினவன் நான்.”

“கடைக்கு நீங்கள்தான். உள்ளுக்க அதிகாரம் அஸ்வருக்கு. உங்கட பேரில வேலை செய்யலாம், புதுசா ஒண்டையும் ஏத்தேலாது.”

கொம்பியூட்டர் வந்த நாளில் பெட்டியைப் பிரித்து ஒழுங்குபடுத்தியவன் அஸ்வர். முதலில் தன் பெயரைப் போட்டான். மச்சான் தவறுதலாக எதையாவது அழித்துவிடாமலிருக்க அவர் பெயரை அதிகாரமில்லாமல் வேறாகத் திறந்து கொடுத்தான். அன்றிலிருந்து காலையில் கொம்பியூட்டரைப் போட்டால் இரண்டு பெயர்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். அஸ்வரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பந்தின் படம். பிரிந்த பிறகு மஸாஹிர் அந்தப் பந்தைப் பார்த்ததுமில்லை, தொட்டதுமில்லை.

“உங்கட பேரை விட்டு வெளிய வந்து அஸ்வரின்ட பேரை அமத்திப் பாப்பம்” என்று கனகலிங்கம் கையை நீட்டினான்.

“எடு கையை! அவன்ட வாசலால நான் என்ட கடைக்குள்ள போறதா?”

கனகலிங்கம் சுற்றுவழி பார்த்தான். உள்ளே இருந்தபடியே அஸ்வரின் பெயரைக் கொடுத்து ஏற்றப் பார்த்தான். பாஸ்வேர்ட் கேட்டது. அஸ்வரின் ஊர், பெண்சாதி, பிள்ளை, எல்லார் பெயரையும் அடித்தான். ஒன்றும் போடாமலும் விட்டுப் பார்த்தான். பெட்டி அசையவில்லை.

“அப்ப முழுசாக் கழுவிப்போட்டுப் புதுசாப் போடவேணும். ஆனா உள்ள கிடக்கிற படங்களுக்கு நான் பொறுப்பில்லை.”

முல்லைத்தீவுத் தண்ணீரூற்றுச் சனங்கள் இடம்பெயர்ந்தபோது மடியில் கட்டிக்கொண்டு வந்த பழைய படங்கள் அதற்குள் கிடந்தன. கறையான் தின்ற முகங்களைத் துலக்கிப் பெருப்பித்துக் கொடுத்தவர் மஸாஹிர். அதைக் கழுவ யாருக்கு மனம் வரும்?

பகல் சாப்பாட்டுக்குப் போனபோது விஷயம் கைருன்னிஸாவின் காதுக்குப் போனது. சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

“அவன்ட பேரைத் தொட மாட்டன் எண்டீங்க. பிறகு ஏன் அவன்ட பாஸ்வேர்ட்டைத் தேடி அடிச்சீங்க?”

“அது கனகலிங்கம் அடிச்சது.”

“உங்கட கடையில, உங்கட கண்ணுக்கு முன்னால. கேக்காமத் திறக்கப் பாக்கிறது களவு. ஆர்ட பொருளையும் கேக்காமத் தொட்டதில்லை எண்டு ஊரெல்லாம் பீத்துறீங்க. போய்க் கேளுங்களேன்.”

அந்த இடத்தில் மனிதருக்குச் சுட்டது. வெறும் கையோடு வந்து நிமிர்ந்தவனைக் களவு என்ற சொல்லால் அடித்தால் சோறு இறங்காது. கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அஸ்வர் ஒரு போனைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் எழும்பி நின்றான்.

“வாங்க மச்சான். இரிங்க.”

“இருக்க வரல்ல. கொம்பியூட்டர்ல ஒண்டு ஏத்த வேணும். உன்ட பேராலதான் ஏலுமாம். பாஸ்வேர்ட் என்ன?”

“பாஸ்வேர்ட்டா? நான் ஒண்டும் போடல்லயே. பேரை அமத்தினா நேரா உள்ள போகும்.”



“கனகலிங்கம் வெறுமனே விட்டுப் பாத்தவன். ஏறல்ல.”

“உள்ளுக்க நிண்டு கேட்டா வெறும் பாஸ்வேர்ட்டை எடுக்காது. முதல்ல வாற பேரை அமத்த வேணும். இவ்வளவு நாளும் நீங்க ஒருக்காவும் அமத்திப் பாக்கல்லயா?”

“மற்றவன்ட பேரை நான் ஏன் அமத்த?”

அஸ்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

“சரி. என்ன ஏத்தப் போறீங்க?”

“பிரிண்டர்.”

“அவசரமா என்ன அச்சடிக்க?”

பதில் சொல்லாமல் திரும்பிவிட மஸாஹிர் நினைத்தார். ஆனால் கேட்க வந்தவர் அவர். கேட்டவனுக்குச் சொல்லாமல் போகவும் முடியவில்லை.

“றிம்ஸியாட கலியாணக் கார்ட்.”

அஸ்வர் கையிலிருந்த திருகாணியை மேசையில் வைத்தான். தாய்மாமன் அவன், அவனுக்கு இந்தச் செய்தி தெரியாது.

“மாப்பிள ஆர்?”

“செட்டிகுளத்துப் பொடியன். நல்ல குடும்பம்.”

“கார்ட்டில என்ட பேர் இருக்கா மச்சான்?”



“இன்னும் அடிக்கல்லயே” என்றார் மஸாஹிர்.

அஸ்வர் கடைக் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டு, மச்சானின் சைக்கிளை வாங்கி ஸ்டூடியோப் பக்கம் திருப்பி ஏறினான். மஸாஹிர் பின்னால் கரியரில் ஏறிக் குந்தினார்.