ஆபீஸ் நேரத்துக்கு வராத கேலிப்ரேட்டர்

வேலையில் சேர்ந்த முதல் நாள் துணைக்கு வந்த அப்பா, சுரங்கக் கழிவு மணல் குவிந்த சயனைடு மேட்டுக்கு அப்பால் பொட்டலில் வரிசையாக நட்டிருந்த ஆன்டெனாக்களைப் பார்த்து, "இன்னாம்மா, துணி காயப்போடற கம்பியா?" என்றார். அவர் தங்கச் சுரங்கத் தொழிலாளி, கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "ரேடியோ டெலஸ்கோப் அப்சர்வர்" என்று எங்கள் குடியிருப்பான கோரமண்டல் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன். ஆறு மாதம் புரொபேஷன்.

எங்கள் ஆன்டெனாக்கள் திரும்பாது. வானத்தில் ரேடியோ அலை வீசும், பலம் முன்பே தெரிந்த ஒரு சோர்ஸ் தலைக்கு மேல் கடக்கும்போது அதைப் பதிவு செய்ய வேண்டும். அதுதான் கேலிப்ரேட்டர், எங்கள் தராசுக்கு எடைக்கல். அதை எடுக்காவிட்டால் அன்றைய மற்ற பதிவெல்லாம் குப்பை. ஒரே தொல்லை, நட்சத்திரங்களைப் போல அதுவும் தினமும் நான்கு நிமிடம் முன்னால் வந்துவிடும்.

நிர்வாக அதிகாரி சர்க்குலர் போட்டிருந்தார்: "கேலிப்ரேஷன் தினமும் காலை 10.15." ரிசீவர் அறைச் சாவி அவர் மேஜையில். மேஜை திறப்பது பத்து மணிக்கு. திங்கள் சரியாக எடுத்தேன். வெள்ளிக்கிழமை அது 9.59க்கே கடந்துவிட்டது. நான் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சார், சாவி முன்னாடியே வேணும். சோர்ஸ் போயிடுது."

"அதுக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?"

"பூமி சுத்துது சார்."

"ஆபீஸ் டைம்ல சுத்தட்டும். மறுபடி பத்தேகாலுக்கு எப்ப வரும்?"

"ஒரு வருஷம் ஆகும் சார்."

"அப்ப அடுத்த வருஷம் எடும்மா. இன்னா அவசரம்?"

மூன்று வாரத்தில் அவரே மெமோ கொடுத்தார்: கேலிப்ரேஷன் ஏன் விடுபட்டது, உங்களை ஏன் நீக்கக் கூடாது?

நான் ஷிப்ட் பார்த்து வளர்ந்தவள். விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் வானம் இல்லை, ஷிப்ட் இருந்தது. எழுதினேன்: "மேற்படி கேலிப்ரேட்டர் சுழற்சி ஷிப்ட்டில் பணிபுரிகிறது. எனக்கும் அதே ஷிப்ட் வழங்கி, விதிப்படி சாவியை ஒப்படைக்கவும்." ஒரு வருட டைம்டேபிளையும் இணைத்தேன்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இதுக்கு வீக்லி ஆஃப் என்னைக்கு?"

"ஆஃபே எடுக்காது சார்."

"பாரு, அதான் டியூட்டி!" என்று கையெழுத்துப் போட்டார்.

வேலை நிரந்தரமானது. உத்தரவில் ஒரு குறிப்பு: "பணியில் குறையில்லை. ஆனால் தினமும் ஒரே நேரத்துக்கு வருவதில்லை."

புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஆன்டெனாவைக் கேலிப்ரேட் செய்யுமுன் விண்ணப்பத்தைக் கேலிப்ரேட் செய்யுங்கள்.