ஊதுபத்தி எரிந்து முடியும் வரை

அண்ணன் காலமாகி வருகிற அமாவாசையோடு ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வரும் உங்கள் கையில் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் வேண்டும் என்று அண்ணி சொன்னார். எங்கள் வீட்டில் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக்கூடியவர் அண்ணன் ஒருவர்தான். அவர் இல்லாததால் அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அண்ணனின் பெயரோடு 'கோழை' என்ற சொல் ஆறு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிய்த்து எடுக்க வேண்டியவன் நான். இத்தனை நாள் செய்யவில்லை.

அண்ணன் பிறந்தது காரைக்காலில். அப்பாவுக்கு இங்கே துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியில் காவல் வேலை. எங்கள் இருவரையும் சிறு வயதிலேயே சைகோனுக்கு அழைத்து வந்தார். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினைந்து வயது. அன்றிலிருந்து எங்கள் மாமாவின் ஜவுளிக் கடையில் மூட்டை சுமந்தார். என்னையும் வளர்த்து, அதே கடையில் துணி அளக்கும் வேலையில் சேர்த்துவிட்டார். இருபது வருடம் சுமந்ததில் அவருடைய வலது முட்டி கெட்டுப்போனது. கழிவறையில் குந்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

சீனர்கள் வாழும் சோலோன் பகுதியில் எலும்பு வைத்தியம் செய்யும் சீனர் ஒருவர் இருப்பதாக யாரோ சொல்லி, அண்ணன் போனார். வைத்தியருக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வைத்திய அறைக்குப் பின்னால் அவர் ஒரு சண்டைப் பயிற்சிக் கூடமும் நடத்தினார். அங்கே எல்லோரும் அவரை 'சீபூ' என்பார்கள். வாத்தியார் என்று பொருள். அண்ணனும் அவரும் பேசிக்கொண்டது வியட்நாமிய மொழியில். அண்ணன் வீட்டில் வந்து சொன்னதை நம் தமிழில் எழுதுகிறேன்.

கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்ட படம் ஒன்று இருந்தது. தாடி, பிதுங்கிய கண், காதில் வளையம். அண்ணனின் முட்டியைப் பிசைந்துகொண்டே சீபூ சொன்னாராம்: "இவர் பேர் தாமோ. உங்க நாட்டுக்காரர். கடல் தாண்டி வந்தவர். உக்காந்தே தியானம் பண்ணி எங்க சாமியாருங்க நோஞ்சானாப் போயிட்டாங்க. அவங்களுக்கு உடம்பைப் பழக்கக் கத்துக்குடுத்தார். அதுலேருந்து வந்ததுதான் இந்த வித்தையெல்லாம்னு சொல்லுவாங்க."

அங்கிருந்த ஒருவன் அண்ணனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "கண்ணைப் பாருங்க சீபூ, பேரனேதான்!" என்றானாம். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை, பக்திதான் வந்தது. நம் ஊர்ப் பெரியவர் இப்படி வெறும் நெற்றியோடு இருக்கிறாரே என்று, மடியிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, கண்ணாடிமேல் மூன்று பட்டை போட்டுவிட்டார்.

கூடமே கத்தியது. ஒருவன் துணியோடு துடைக்க ஓடினான். சீபூ அவனை நிறுத்தினார்.

"விடுடா. பூசினவன் அவர் ஊர்க்காரன். அவங்களுக்குள்ள பேசிக்கட்டும்." பிறகு அண்ணனிடம், "நீ இங்க வா. ஒரு ஊதுபத்தி எரிஞ்சு முடியற வரைக்கும் அவர் எதிர்ல நில்லு" என்றார்.

சும்மா நிற்பதில்லை. கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்க வேண்டும். அன்று அண்ணனால் அரை விரல் நீளம் எரியும் வரைகூட நிற்க முடியவில்லை. தண்டனை என்று நினைத்தார். "உன் முட்டிக்கு இதுதான் மருந்து. நாளைக்கும் வா" என்றார் சீபூ.

அதன்பின் பத்து வருடம் போனார். முதல் ஒன்றரை வருடம் நிற்பது மட்டும்தான். பிறகு வாய் குறுகிய மண் ஜாடிகளை விளிம்பில் ஐந்து விரலால் கவ்வித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மாதம் ஒரு பிடி மணல் உள்ளே சேரும். அதற்கும் பிறகு பச்சைப்பயறு அடைத்த பையை உள்ளங்கையால் அறைவது. அறைந்து முடித்ததும் சாராயத்தில் வேர்களை ஊறப்போட்ட மருந்தைத் தேய்ப்பார்கள். அந்த வாடையோடு வருவதால் அண்ணன் குடிக்கிறார் என்றுகூடத் தெருவில் பேச்சு உண்டு.

"அந்தப் பயறைப் போட்டு ஏன் அடிக்கிறீங்க? என்கிட்ட குடுத்தா சுண்டலாவது பண்ணுவேன்" என்பார் அண்ணி.

"அடிச்ச பயறு சீக்கிரம் வேவும். எடுத்துட்டு வரவா?" என்பார் அண்ணன்.

மாமாவுக்குப் பெருமை. விசேஷ வீடுகளில், "சீனாக்காரனுக்கே நம்மாளுதாம்ப்பா சொல்லிக்குடுத்திருக்கான்! நம்ம பய இப்ப வட்டியோட திருப்பி வாங்கிட்டு வர்றான்" என்பார். அண்ணன் இதை ஒருநாள் சீபூவிடமே கேட்டிருக்கிறார், உண்மைதானா என்று.

"எங்கப்பா அப்படித்தான் சொன்னாரு. அவரோட சீபூவும் அப்படித்தான். ஆனா தாமோ வர்றதுக்கு முன்னாடி எங்க ஊர்ல திருடனே இல்லையா? திருடன் இருந்தா தடி எடுத்தவனும் இருந்திருப்பான்."

"அப்ப இந்தப் படம் எதுக்கு?"

"நிக்கிறவனுக்கு எதிர்ல ஏதாவது வேணும்ல?"

இனி அந்த நாளைப் பற்றி எழுத வேண்டும்.

உங்களில் பலருக்குத் தெரிந்த கதை இதுதான். சிப்பாய்கள் மூன்று பேர் கடைக்கு வந்து கலாட்டா செய்தார்கள். பத்து வருடம் சண்டை கற்ற அண்ணன் வாசலில் நின்று கன்னத்தில் அறை வாங்கினார். கையைத் தூக்கவில்லை. சந்தையே பார்த்தது. அன்று மாமா சொன்னார்: "பத்து வருஷமா சீனன் வீட்டுல நின்னது இப்படி நின்னு வாங்கிக்கவா? த்தூ." அதிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும் பந்திக்குக் கூப்பிடும்போதே, "ஏ, குதிரைக்காரரே, உக்காந்து சாப்புடுவீங்களா, நின்னுக்கிட்டேவா?" என்ற கேலிதான். அண்ணன் சிரித்துக்கொண்டு உட்கார்வார். பின்னாளில் விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

தெரியாத பாதி இது. அதற்கு முதல் நாள் அந்தச் சிப்பாய்களில் ஒருவன், தங்கையின் கல்யாணத்துக்கு ஆவ் யாய் அங்கி தைக்க மூன்று மீட்டர் பட்டு வாங்கினான். அளந்து கொடுத்தவன் நான். பட்டை மீட்டர் கோலோடு சேர்த்து இழுத்துப் பிடித்தால் மீட்டருக்கு இரண்டு விரல் துணி கடைக்கு மிச்சமாகும். அதை நான் வழக்கமாகவே செய்துவந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. மாமாவுக்கும் தெரியாது. தையல்காரன் துணி போதாது என்று சொல்லிவிட்டான். சிப்பாய்க்கு விடுப்பு முடிய ஒரே நாள்தான் இருந்தது.

அவர்கள் வந்ததும் நான் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் போய்விட்டேன். அண்ணன் வாசலில் நின்றார். "யாருடா அளந்தது?" என்று கேட்டான் அவன். அண்ணன் துணியை வாங்கி, மேசைமேல் தளரப் போட்டு ஒருமுறை அளந்தார். திரும்பி நான் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு, "தப்பு எங்களுது" என்றார். அறை விழுந்தது. எல்லோரும் கன்னத்தைப் பார்த்தார்கள். கட்டுகளின் சந்து வழியாக எனக்குத் தெரிந்தது அவருடைய கால்கள். குதிகால் தரையை விட்டு எழும்பவில்லை. அடித்தவன்தான் ஒரு அடி பின்னால் போனான். அண்ணன் முழு மூன்று மீட்டரை வெட்டி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அன்று மாலை சீபூவிடம் நடந்ததைச் சொன்னாராம்.

"யார் பக்கம் தப்பு?"

"எங்க பக்கம்."

"அப்புறம் எதுக்குக் காலை ஊனி நின்ன? அடிச்சவன் எதிர்ல நீ அசையாம நின்னா அவனுக்கு இன்னும் கேவலம். தப்பு பண்ணினவன் விழணும்யா. அதுவும் ஒரு பாடம்தான். போ, ஒரு ஊதுபத்தி நில்லு."

இதை அண்ணன் என்னிடம் சிரித்தபடி சொன்னார். "விழறதுக்கு இன்னும் பத்து வருஷம் ஆவும்போலடா" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தெத் புத்தாண்டுப் பண்டிகையின்போது நடந்த சண்டையில் சோலோனில் பாதித் தெரு எரிந்தது. கூடத்தின் கூரையும் போனது. அதற்குப் பிறகு அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி இருமல் நிற்கவில்லை. மூட்டை தூக்குவதை விட்டார். கடைசி மூன்று மாதம் படுக்கைதான். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் மட்டும் கண்ணைத் திறப்பார்.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது, "அண்ணே, மாமாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றேன்.

"என்னத்த?"

"துணியை."

"சொல்லி? உங்கிட்ட துணி வாங்க எவன் வருவான்? உனக்கு வேற என்ன தெரியும்? கஞ்சி ஆறுது, குடு."

கஞ்சியை ஊட்டி முடித்தேன். மாமாவிடம் நான் சொல்லவில்லை. அவர் போன பிறகும் ஒரு வருடம் சொல்லவில்லை.

அண்ணனின் வைத்தியத்துக்கு உதவிய டாக்டருக்கும், இறுதிக் காரியங்களை முன்னின்று நடத்திய கோவில் குருக்களுக்கும், ஊரடங்கு நேரத்தில் அரிசியும் விறகும் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டு வியட்நாமிய அம்மாவுக்கும் எங்கள் வணக்கம். பாடையைத் தூக்கியவர்களுக்கும், அண்ணி மயங்கி விழுந்தபோது தாங்கிக்கொண்டவர்களுக்கும் நன்றி. சீபூ அன்று வந்தார். நம் சடங்கு அவருக்குத் தெரியாது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அரிசி டம்ளரில் குத்திவிட்டு, அது எரிந்து முடியும் வரை வாசல் வெயிலில் நின்றார். சாதாரணமாகத்தான் நின்றார். தாமோ படம் தீயில் தப்பியது என்றும், கண்ணாடிமேல் விபூதி இன்னும் இருக்கிறது என்றும் போகும்போது சொன்னார். அவருக்கும் நன்றி.

மாமா, அன்று நீங்கள் துப்பியது என்மேல் விழ வேண்டியது. இதைப் படித்தபின் என்னிடம் துணி வாங்க மனமில்லாதவர்கள் வர வேண்டாம். எனக்கு வருத்தம் இல்லை. வருகிறவர்களுக்குத் துணியை மேசைமேல் தளர விட்டு அளக்கிறேன். இழுப்பதில்லை.

இப்படிக்கு,
தம்பி