பதினெட்டு வளைவுக்கு அரைச் சுற்று

கல்முனையிலிருந்து கண்டிக்குப் பழைய டீசல் லொறியில் போக நினைப்பவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். இருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் போனது 2009 ஜூலையில், யுத்தம் முடிந்து இரண்டு மாதம் கழித்து. ஊர் பார்க்கப் போகவில்லை. என் பதவி உயர்வு மேன்முறையீட்டைக் கண்டியில் பிற்பகல் இரண்டு மணிக்கு விசாரிப்பதாகக் கடிதம் வந்திருந்தது. நாலு வருடம் கிடப்பில் போட்டவர்கள் மூன்று நாள் அவகாசம் தந்திருந்தார்கள். சமுகமளிக்காவிட்டால் கோப்பு மூடப்படும் என்பது கடைசி வரி.

தொழிற்பயிற்சி நிலையமொன்றில் இருபத்திரண்டு வருடமாக டீசல் எஞ்சின் படிப்பிக்கிறேன். சுனாமிக்குப் பிறகு, மணலுக்குள் புதைந்த வாகனங்களைக் கிண்டி எடுத்துத் திருத்தும் வேலைக்கு ஆறு மாதம் என்னை அனுப்பினார்கள். அந்த ஆறு மாதத்துக்குள், என்னிடம் படித்த ஒருவரைத் தலைமைப் போதனாசிரியராக்கினார்கள். நான் கடமையில் இருக்கவில்லையாம். அந்தக் குறிப்பில் கையெழுத்து வைத்தவரே என்னை அனுப்பியவர். அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

அப்போது திருத்திய லொறிகளில் ஒன்று என் மனைவியின் தம்பி அமீனுடையது. கல்முனைக்குடிக் கடற்கரையில் நாலு நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்துபோய், அதைச் சீவி மட்டமாக்கியபோது நான் பக்கத்தில் நின்றேன். இன்னொரு முறை சூடேறி வளைந்தால், சீவுவதற்கு அதில் இரும்பு மிச்சமில்லை. அந்த மாதிரிக்கு வேறு ஹெட் தேடிக் கிடைப்பதும் இல்லை. அமீனுக்கு வேறு தொழிலும் கிடையாது. அவனுடைய மகளுக்கு ஹஜ் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும். சுவர் எழும்பி, கூரையில்லாமல் நின்றது வீடு. அது முடிவதானால் லொறி ஓட வேண்டும்.

அன்றைக்கு அமீன் எண்பது மூட்டை அரிசியோடு கண்டிக்குப் போவதால் நான் அவனோடு போவது என்று மனைவி வீட்டில் முடிவெடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை.

காலை 5.10க்குக் கல்முனையில் வெளிக்கிட்டோம். அம்பாறைக்கு முன்னால் சோதனைச் சாவடியில் 6.05 முதல் 7.15 வரை நின்றோம். யுத்தம் முடிந்ததை அரிசி மூட்டைகளுக்கு யாரும் அறிவிக்கவில்லை போலும். ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். 9.00 மணிக்கு மஹாஓயா. அங்கே வெந்நீர்க் கிணறுகள் உண்டு, நேரமிருப்பவர்கள் பாருங்கள். எங்களுக்கு நேரமில்லை. பிளேன்டீ 15 ரூபாய், சீனி மட்டும் தாராளம்.

10.40க்கு மஹியங்கனை. இங்கேதான் இந்தக் கட்டுரையின் விஷயம் தொடங்குகிறது.

டீசல் பம்பில், எஞ்சினுக்கு ஆகக்கூடியது எவ்வளவு டீசல் போகலாம் என்று கட்டுப்படுத்தும் ஒரு திருகு இருக்கிறது. அதைச் சரிபார்த்து, ஈயத்தால் முத்திரை வைத்துத் தருவார்கள். எங்கள் கரையோரத்து டிரைவர்கள் பம்ப் கைக்கு வந்த முதல் நாளே முத்திரையைக் கடித்துத் துப்புகிறார்கள். பிறகு மஹியங்கனையில் நிறுத்தி, மலைக்கென்று அரைச் சுற்றுக் கூட்டுகிறார்கள். ஏற ஏறக் காற்று மெலிகிறது. குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டுகிறார்கள். எரியாத டீசல் கறுப்புப் புகையாகப் போகிறது, எரிந்தது பிஸ்டனையும் ஹெட்டையும் சுடுகிறது. இருபத்திரண்டு வருடமாக இதைக் கரும்பலகையில் எழுதி வருகிறேன்.

அமீன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினான். பொனட்டைத் திறந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன மச்சான், வாத்தியார் இண்டைக்கு ஒண்டும் சொல்லல்லியா?"

"ரெண்டு மணிக்குப் போய்ச் சேரணும்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே அரைச் சுற்றுத் திருகினான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஹசலக்கையைத் தாண்டி, பதினெட்டு வளைவுள்ள மலையேற்றம் தொடங்கியது. லொறி நன்றாகத்தான் இழுத்தது, அதுதான் இதில் உள்ள மோசம். மூன்றாம் கியரில், மிதியைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தான். கண்ணாடியில் பின்னால் வந்த வேன் புகைக்குள் மறைந்துவிட்டது. கீழிருந்து எண்ணினால் ஐந்தாவது வளைவில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. நேரம் 11.50.

"நிப்பாட்டு" என்றேன்.

"இஞ்ச நிப்பாட்டினா ரெண்டு மணிக்குப் போக ஏலா."

"தெரியும். நிப்பாட்டு. எஞ்சின நூராத, அது ஓடட்டும்."

வேன்காரர் எங்களைக் கடக்கும்போது சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நான் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு மேலும் கால் சுற்றுக் குறைத்தேன். கை சுட்டது. அமீனுக்குக் கோபம்.

"புகை வந்தாத்தான் இழுவை எண்டு ஊருல எல்லாரும் சொல்றானுகள். நீங்க ஒராள்தான் மாத்திக் கதைக்கிற."

"ஊருல எல்லாருக்கும் நாந்தான் படிப்பிச்ச."

"ஓம், படிச்சவனெல்லாம் மேல போயிட்டான். நீங்க இந்த வளைவுல நிக்கிறீங்க."

ஸ்பேனரைத் துடைத்து இருக்கைக்குக் கீழே போட்டேன். முள் இறங்க நாற்பது நிமிடம் எடுத்தது. அதன் பிறகு இரண்டாம் கியரில், மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஏறினோம். புகை இல்லை. சைக்கிளில் வந்த ஒருவர் கொஞ்சத் தூரம் எங்களோடு கூடவே வந்தார். உன்னஸ்கிரிய 1.40. கண்டி 3.10.

அலுவலகத்தில் என் கோப்பை மூடி நாடாவால் கட்டியிருந்தார்கள். லொறி பழுதானதற்குக் கராஜ் கடிதம் ஏதும் இருந்தால் பார்க்கலாம் என்றார் எழுதுநர், நல்ல மனுஷன். லொறி பழுதாகவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பொய்க் கடிதம் வாங்கியிருக்கலாம் என்று மனைவி இன்றுவரை சொல்கிறாள்.

இதை எழுதும்போது ஹஜ் பெருநாள் முடிந்துவிட்டது. அமீன் மகளின் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, நிக்காஹ் நடந்தது, விருந்தில் மாட்டிறைச்சிக்கு உப்புக் கூடிவிட்டது. லொறி ஓடுகிறது. அதற்குக் காரணம் தான் மாற்றிய புது ரேடியேட்டர் மூடி என்று அமீன் விருந்தில் எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்கு: தூரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர், எங்களுக்கு 47 லீட்டர் டீசல் போனது. முத்திரை வைத்த திருகைத் தொடாதீர்கள். எஞ்சின் திணறுவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள், மிதியைத் தரைவரை அழுத்தாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். சூடானால் தண்ணீர் ஊற்ற ஓடாதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காத்திருங்கள். நாற்பது நிமிடம் போகும். அந்த நாற்பது நிமிடத்தை உங்களுக்கு யாரும் திருப்பித் தர மாட்டார்கள், நன்றியும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் நிறுத்துங்கள்.