குப்பைத்தொட்டிக்குப் போன கல்யாணப் போட்டோ

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். எதைத் தொட்டாலும் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிற சுபாவம். என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் வேலை. கம்ப்யூட்டரிலேயே டி.வி. பார்க்க டி.வி. கார்டு போட்டிருக்கிறோம். அவர் வேலைக்குப் போயிருக்கும்போது கிரிக்கெட்டைப் பதிவு செய்து வைப்பது நான்தான்.

படம் கலங்கலாகத் தெரிகிறது என்றாரே என்று ஒருநாள் உயர்ந்த தரத்தில் வைத்தேன். பாதி மேட்சிலேயே இடமில்லை என்று பதிவு நின்றுவிட்டது. பதறிப்போய்ப் பழைய மேட்ச்களை அழித்தேன். ‘நியூ ஃபோல்டர்’ என்று ஒன்று இருந்தது. காலியாக இருக்கும் என்று அதையும் அழித்தேன். அப்படியும் இடம் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டு பர்வீன் அக்கா வந்து பார்த்தார். “அழிச்சதெல்லாம் கம்ப்யூட்டரோட குப்பைத்தொட்டியில கீதுமே. அதைக் காலி பண்ணணும். அதுக்கு முன்னாடி உன் நாத்தனார் கல்யாணப் போட்டோவைக் காட்டு. பிரியாணி போடாத கல்யாணத்தை இன்னொரு தபா பாக்கலாம்” என்று சிரித்தார்.

தேடினேன். எங்கேயும் இல்லை. நான் அழித்த அந்த நியூ ஃபோல்டரில்தான் அது இருந்திருக்கிறது! பிரிண்ட் போடவில்லை, வேறு காப்பியும் கிடையாது.

“அக்கா, என்னை ஊட்ல சேர்க்க மாட்டாங்க!”

“அழுவாத. இன்னும் காலி பண்ணல இல்ல?” என்று அக்கா அதை மீட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளை தாலி கட்டுகிற படத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது நடுத்தரமான தரத்தில்தான் பதிவு. போட்டோவை சி.டி.யில் போட்டு நாத்தனாரிடமே கொடுத்துவிட்டேன். அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டால், முதல் தடவை ‘நோ’வைத்தான் அழுத்துகிறேன்.

– ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி