மலையடிக் கடையில் மாட்டியிருந்த ‘நார்மல்’

போன மாதம் இரண்டாம் ஞாயிறு திருத்தணி போய் வந்தேன். முருகனைப் பார்க்கத்தான் என்று வீட்டில் சொன்னேன், பொய். பன்னிரண்டு வருடம் முன்பு, மலையடிவாரத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் இலவச பிபி முகாமில் அட்டை எழுதிக்கொடுத்தேன். பள்ளிக்கூட டீச்சர், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பிடித்துப் போட்டார்கள். அந்த முகாம் இன்னும் நடக்கிறதா என்று பார்க்க ஆசை.

சென்ட்ரலில் காலை ஆறரை மணி லோக்கல். எண்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய். எட்டு நாற்பதுக்கு இறங்கினேன். படிக்கட்டு வரை ஆட்டோவுக்கு எண்பது கேட்டு எழுபதுக்கு வந்தார் டிரைவர்.

“படி ஏறப் போறீங்களா? இப்ப யாரும்மா ஏறுறாங்க, வண்டி மேலயே போவுது.”

பிபி பார்த்தீர்களா என்று கேட்டேன். “எனக்கு இன்னாங்க, நல்லாத்தான கீறேன்,” என்றார். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், விழுகிற வரைக்கும்.

முகாம் இருந்தது. ஒரு மேஜை, நான்கு நாற்காலி. அந்தக் காலத்தில் வரிசை முழுக்க நரைத்த தலைகள். இப்போது வந்த ஏழெட்டுப் பேரில் பாதிப்பேர் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் வயசு. அவர்களுக்கும் பிபி ஏறியிருக்கிறது, இருவருக்குச் சர்க்கரையும். உப்பைக் குறையுங்கள் என்றார் நர்ஸ். தலையாட்டிவிட்டு நேரே எதிர்க்கடை போண்டாவுக்குப் போனார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

பிறகு தாமோதரனின் தேங்காய்ப் பழக் கடைக்குப் போனேன். அந்தக் காலத்தில் முகாமுக்கு மாதம் தவறாமல் வந்து, சொன்னபடி மாத்திரை போட்டு, பிபியை இறக்கிக் காட்டிய மனிதர். கடையில் அவர் மகன் பாபு, முப்பத்திரண்டு வயது. சுவரில் தாமோதரன் படம், மாலையோடு. அதன் கீழே லேமினேஷன் செய்த முகாம் அட்டை. என் கையெழுத்தில் ‘நார்மல்’.

“நைனா மூணு வருசம் முன்னாடி மாரடைப்புல பூட்டாருங்க. அந்த அட்டை வந்ததுமே மாத்திரையை வுட்டுட்டாரு. டீச்சரம்மாவே நார்மல்னு எழுதிட்டாங்க, இன்னும் இன்னாத்துக்கு மாத்திரைன்னு வர்றவங்க கிட்டல்லாம் காட்டிக்கினே இருப்பாரு.”

“அந்த டீச்சர் நான்தாம்பா,” என்றேன்.

“ஆங், தெரியுங்க. பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு,” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கையோடு அவரை முகாமுக்கு இழுத்துப் போனேன். மேலே நூற்று அறுபத்தெட்டு, கீழே நூற்றிரண்டு. சிரிக்கிறார்!

“கடை டென்சன்ங்க. நீங்களே நார்மல்னு ஒண்ணு எழுதிக் குடுங்க, நைனா அட்டை பக்கத்துல மாட்டிக்கிறேன்.”

எண்ணைப் பெரிதாக எழுதி, ‘நாளைக்கே டாக்டரைப் பார்’ என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போக மாட்டார்.

போகிறவர்களுக்கு: படி ஏறுவதென்றால் ஒன்பது மணிக்குள் ஏறிவிடுங்கள், பிறகு வெயில் கொளுத்தும். நெஞ்சு அடைத்தால் வேண்டுதல் என்று வீம்பு பிடிக்காமல் உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முகாமில் ‘நார்மல்’ என்று எழுதினால், முன்னால் ‘மாத்திரையோடு’ என்று சேர்க்கச் சொல்லி அடம்பிடியுங்கள்.

நான் மலை ஏறவில்லை. மத்தியான ரயிலில் திரும்பிவிட்டேன். மாத்திரையோடு. ஆறே எழுத்து. அந்த அட்டையில் தாராளமாக இடம் இருந்தது.